இணையவழித் தொலைபேசியில் குரல் தரத்தை அளத்தல்: சராசரி எண் மறைக்கும் இழப்புகள்

பழைய தொலைபேசி வலையமைப்பில் இருவர் பேசத் தொடங்கிய கணத்தில் அவர்களுக்கென ஒரு தனிச் சுற்று ஒதுக்கப்பட்டது. ரிசீவரைக் கீழே வைக்கும்வரை அச்சுற்றில் வேறெவருடைய பேச்சும் பங்கு கேட்கவில்லை என்பதால், அழைப்பின் தரம் கம்பியின் நீளம், இடையிலுள்ள இணைப்பகங்களின் எண்ணிக்கை, எதிரொலிக் கட்டுப்பாடு ஆகியவற்றால் பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. வலையமைப்பைத் திட்டமிட்ட பொறியாளர் ஒருமுறை போட்ட கணக்கு ஆண்டுக்கணக்கில் பொருந்தி நின்றது. இணையவழித் தொலைபேசியில் அத்தகைய ஒதுக்கீடு கிடையாது. பேச்சு சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, மின்னஞ்சலும் திரைப்படமும் மென்பொருள் புதுப்பிப்பும் போகும் அதே பாதையில் அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு பயணம் செய்வதால், முதல் நிமிடத்தில் தெளிவாக இருந்த அழைப்பு மூன்றாம் நிமிடத்தில் சிதைந்து, நான்காம் நிமிடத்தில் மீண்டும் தெளிவடையக்கூடும். ஆகவே இங்கே தரத்தைத் திட்டமிட்டால் மட்டும் போதாது. ஒவ்வோர் அழைப்பிலும் அதை அளந்துகொண்டே இருக்க வேண்டியுள்ளது. அவ்வாறு அளப்பதற்கு அரை நூற்றாண்டில் உருவான முறைகளை ஆராயும்போது, அவற்றில் பெரும்பாலானவை எவ்வளவு பேச்சு தொலைந்தது என்று சொல்வதில் தேர்ந்தவையாகவும், அது எந்த இடத்தில் எப்படித் திரண்டு தொலைந்தது என்று சொல்வதில் தடுமாறுபவையாகவும் இருப்பது தெரிகிறது. கேட்பவருக்கு முக்கியமானது இந்த இரண்டாவது செய்திதான்.

பேச்சைப் பொதிகள் எனப்படும் அச்சிறு துண்டுகளாக்கி அனுப்பும் முயற்சி இணையத்தைவிட மூத்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு வலையமைப்பான ஆர்பாநெட்டில் 1974ஆம் ஆண்டிலேயே, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்துக்கும் மாசசூசெட்ஸில் உள்ள லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே உடனுக்குடன் பேசும் சோதனைகள் நடந்தன. அவற்றின் முதன்மைப் பொறியாளர்களுள் ஒருவரான டேனி கோஹன் எழுதிய குரல் நெறிமுறை 1977இல் ஆர்.எஃப்.சி. 741 என்ற ஆவணமாக வெளிவந்தது. அச்சோதனைகள் உணர்த்திய பாடம் பின்னர் இணையத்தின் கட்டமைப்பையே பாதித்தது. கோப்பு ஒன்றை அனுப்பும்போது தொலைந்த பொதியை மறுபடியும் கேட்டு வாங்கலாம். பேச்சில் அவ்வாறு வாங்கிய பொதி வந்து சேரும் நேரத்தில் பேச்சு அந்த அசையைத் தாண்டிப் போயிருக்கும். பிந்தி வந்த பொதியும் வராத பொதியும் காதுக்கு ஒன்றே. தொலைந்ததை மறுபடி அனுப்பும் பொறுப்பை அடிப்படை நெறிமுறையிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும் என்று கோஹன் உள்ளிட்டோர் 1970களின் பிற்பகுதியில் வாதிட்டதன் விளைவாகவே டி.சி.பி., ஐ.பி. ஆகியன இரண்டாகப் பிரிந்தன. மறுஅனுப்பல் இல்லாத யு.டி.பி. என்ற எளிய வழியும் பிறந்தது. இன்றைய இணைய அழைப்புகளில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் செல்கின்றன.

ஓர் அழைப்பின் உள்ளமைப்பை எண்களோடு பார்ப்பது பின்னால் வரும் வாதத்துக்குத் தேவையாகிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1972இல் வகுத்த ஜி.711 என்ற கோடெக், அதாவது ஒலியை எண்களாக மாற்றித் திரும்பவும் ஒலியாக்கும் முறை, வினாடிக்கு 8,000 முறை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதுகிறது. வினாடிக்கு 64 கிலோபிட் ஆகிறது. வழக்கமாக 20 மில்லி வினாடிப் பேச்சு ஒரு பொதியில் வைக்கப்படும். அதன் எடை 160 பைட், அதன்மேல் ஐ.பி., யு.டி.பி., ஆர்.டி.பி. ஆகிய மூன்று நெறிமுறைகளின் தலைப்பகுதிகள் 40 பைட் சேர்கின்றன. ஆக, ஒரு திசையில் வினாடிக்கு 50 பொதிகள். மூன்று நிமிட அழைப்பில் ஒருவருடைய பேச்சு 9,000 பொதிகளாகப் போகிறது. அவற்றில் நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் 90 பொதிகள். அந்த 90 பொதிகளும் அழைப்பு முழுவதிலும் ஒவ்வொன்றாகச் சிதறித் தொலைந்தால், பெறும் கருவி முந்தைய பொதியின் ஒலியைச் சிறிது நீட்டி ஒவ்வோர் இடைவெளியையும் நிரப்பிவிடும். கேட்பவர் எதையும் உணராமல் போகக்கூடும். அதே 90 பொதிகள் ஒரே இடத்தில் திரண்டு தொலைந்தால் 1.8 வினாடிப் பேச்சு அடியோடு போய்விடும். ஆம்புலன்சுக்காக 108ஐ அழைத்தவர் சொன்ன தெருப்பெயரோ, வங்கிக் கணக்கு எண்ணின் நான்கைந்து இலக்கங்களோ அந்த இடைவெளியில் அடங்கிவிடும். இரண்டு அழைப்புகளுக்கும் இழப்பு விகிதம் 1 சதவீதம்தான்.

பொதிகள் தொலைவது ஒரு குறை என்றால், அவை தாமதமாவதும் சீரற்று வருவதும் மற்ற இரண்டு குறைகள். பேசியவரின் வாயிலிருந்து கேட்பவரின் காதுவரையான ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் இடையூறின்றி நடக்கும் என்றும், வலையமைப்பைத் திட்டமிடுவோர் 400 மில்லி வினாடியைத் தாண்டக்கூடாது என்றும் ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. தாமதத்தின் தீங்கு வித்தியாசமானது: கேட்பவருக்கு ஒலியில் எந்தக் குறையும் தெரியாது, ஆனால் பதில் வரவில்லையே என்று ஒருவர் மறுபடி பேசத் தொடங்க, அதே நேரத்தில் மற்றவர் பதிலும் வந்து மோதும். பலர் இதை வலையமைப்பின் கோளாறாக உணராமல், எதிரில் இருப்பவர் கவனமின்றிப் பேசுகிறார், இடைமறிக்கிறார் என்று எண்ணிவிடுகிறார்கள். மனிதரின்மேல் விழும் இந்தப் பழி எந்தக் கண்காணிப்புத் திரையிலும் பதிவாவதில்லை.

மூன்றாவது குறைக்கு ஜிட்டர் என்று பெயர். பொதிகளின் பயண நேரத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை அது குறிக்கிறது. 20 மில்லி வினாடி இடைவெளியில் ஒழுங்காகப் புறப்பட்ட பொதிகள் நெரிசலான ரவுட்டர் ஒன்றின் வரிசையில் காத்திருந்துவிட்டு, ஒன்று 5 மில்லி வினாடியிலும் அடுத்தது 70 மில்லி வினாடியிலுமாக வந்து சேரும். இதைச் சரிசெய்யப் பெறும் கருவி பொதிகளை உடனே ஒலிக்காமல், ஜிட்டர் பஃபர் எனப்படும் சிறு சேமிப்பிடத்தில் சற்றே நிறுத்திவைத்துப் பிறகு சீராக வெளியிடுகிறது. நிறுத்திவைக்கும் நேரத்தைக் கூட்டினால் தாமதம் ஏறும். குறைத்தால் பிந்தி வந்த பொதிகளைத் தள்ளிவிட வேண்டிவரும். அவ்வாறு தள்ளப்பட்ட பொதி வலையமைப்பின் கணக்கில் பத்திரமாக வந்து சேர்ந்தது. காதின் கணக்கில் தொலைந்தது. கண்காணிப்பின் பெரும்பாலான சிக்கல்கள் இந்த இரண்டு கணக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டில் வேர்கொண்டுள்ளன.

தரத்தை எண்ணாக்கும் முயற்சி மனிதச் செவியிடமிருந்தே தொடங்கியது. ஒன்றியத்தின் பி.800 பரிந்துரையின்படி, அமைதியான அறையில் அமர்ந்த பலருக்குச் சிறு சிறு வாக்கியங்களை ஒலிக்கச்செய்து, ஒவ்வொன்றுக்கும் மிக நன்று என்றால் 5, நன்று என்றால் 4, சுமார் என்றால் 3, மோசம் என்றால் 2, மிக மோசம் என்றால் 1 என மதிப்பெண் தரச் சொல்வர். அவற்றின் சராசரியே எம்.ஓ.எஸ்., அதாவது சராசரிக் கருத்து மதிப்பெண். எத்தனை நல்ல ஒலியானாலும் எல்லோரும் 5 தருவதில்லை என்பதால், குறையற்ற ஜி.711 ஒலியும் ஏறத்தாழ 4.4 என்ற அளவிலேயே நிற்கும். இம்முறை நம்பகமானது, ஆனால் செலவும் காலமும் பிடிப்பது. ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான அழைப்புகளுக்கு அறை போட்டு ஆட்களை உட்காரவைக்க வழியில்லை. ஆகவே மனிதர் தரக்கூடிய மதிப்பெண்ணை இயந்திரத்தைக்கொண்டு ஊகிக்கும் வழிமுறைகள் தேடப்பட்டன.

ஒருவகை வழிமுறை இரண்டு ஒலிகளை ஒப்பிடுகிறது. பிரிட்டிஷ் டெலிகாமும் நெதர்லாந்தின் கே.பி.என். நிறுவனமும் தனித்தனியே உருவாக்கியிருந்த முறைகள் இணைக்கப்பட்டு, 2001இல் பெஸ்க் என்ற பெயரில் பி.862 பரிந்துரையாயின, அகன்ற அலைவரிசைக் குரலையும் கையாளும் போல்கா என்ற முறை 2011இல் பி.863 ஆக வந்தது. அனுப்பிய ஒலிப்பதிவையும் மறுமுனையில் கிடைத்த ஒலிப்பதிவையும் மனிதச் செவி உணரும் விதத்துக்கு மாற்றி, வேறுபாட்டை அளந்து மதிப்பெண் தருவது இவற்றின் இயல்பு. துல்லியமானவை எனினும், இவற்றுக்கு மூல ஒலி கையில் இருக்க வேண்டும். எனவே சோதனைக்கென்றே போடப்படும் அழைப்பில்தான் இவை பயன்படும். சோதனை வாகனம் சாலையில் ஓடியபடி எடுத்த அளவு, பக்கத்துச் சந்தில் மூன்றாம் மாடியில் வைஃபையில் பேசியவரின் அனுபவத்தைச் சொல்லாது. மேலும், இவை கேட்கும் தரத்தை மட்டுமே அளக்கின்றன. 600 மில்லி வினாடித் தாமதத்தால் உரையாடவே இயலாமற்போன அழைப்புக்கும் உயர்ந்த மதிப்பெண் தந்துவிடும். மூல ஒலி இல்லாமல் பெற்ற ஒலியை மட்டும் ஆராயும் பி.563 என்ற முறை 2004இல் வந்தது. ஆனால் மக்களின் உண்மையான பேச்சை எடுத்து ஆராய வேண்டியிருப்பதால் அது அந்தரங்க உரிமையோடு மோதுகிறது.

மற்றொரு வகை ஒலியையே தொடுவதில்லை. தாமதம், இழப்பு, கோடெக்கின் தன்மை போன்ற அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து தரத்தைக் கணக்கிடும் இ-மாடல் என்பது அது, ஜி.107 என்ற பரிந்துரையாக 1998இல் வெளிவந்தது. அது ஆர் என்ற மதிப்பைத் தருகிறது. அடிப்படைத் தெளிவிலிருந்து தொடங்கி, ஒலியோடு கூடவே எழும் குறைகள், தாமதத்தால் வரும் குறைகள், கோடெக்காலும் பொதி இழப்பாலும் வரும் குறைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, இறுதியில் அனுகூலக் காரணி என்ற ஒன்றைக் கூட்டுவது அதன் சூத்திரம். குறையேதுமற்ற வழக்கமான அழைப்புக்கு ஆர் 93.2 ஆகும், எம்.ஓ.எஸ். அளவுக்கு மாற்றினால் 4.41. ஆர் 70க்குக் கீழே இறங்கும்போது பயன்படுத்துவோரில் பலர் குறைகூறத் தொடங்குவர் என்று கொள்ளப்படுகிறது. இதில் அனுகூலக் காரணி தனிக் கவனம் பெற வேண்டியது. கைப்பேசி தரும் வசதிக்காக மக்கள் தரக்குறைவைப் பொறுத்துக்கொள்வர் என்ற எண்ணத்தில், வாகனத்தில் செல்பவரின் அழைப்புக்கு 10 புள்ளிகள்வரையும், பல செயற்கைக்கோள்களின் வழியாக மட்டுமே எட்டக்கூடிய தொலைவிடங்களுக்கு 20 புள்ளிகள்வரையும் கூட்டிக்கொள்ள அது இடம் தருகிறது. கைப்பேசி புதுமையாக இருந்த காலத்தின் பொறுமை அது. வீட்டில் உள்ள ஒரே தொலைபேசி கைப்பேசிதான் என்றாகிவிட்ட சமூகத்தில், அக்காரணியைக் கூட்டி மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டுவது முறையாகாது.

இ-மாடலின் உள்ளே சென்று பார்த்தால் இக்கட்டுரையின் கவலை கணக்காகவே தெரியவரும். பொதி இழப்பால் கழிக்கப்படும் புள்ளிகளை அது கோடெக்கின் தாங்குதிறனைக்கொண்டு கணிக்கிறது. ஜி.113 பின்னிணைப்பு தரும் மதிப்புகளின்படி, இடைவெளியை நிரப்பும் வசதி இல்லாத ஜி.711க்குத் தாங்குதிறன் 4.3, அவ்வசதி உள்ள ஜி.711க்கு 25.1. இழப்பு 1 சதவீதமாகும்போது வசதி இல்லாத கருவியில் 17.9 புள்ளிகள் கழிந்து ஆர் 75.3 ஆகிறது, எம்.ஓ.எஸ். 3.83. வசதி உள்ள கருவியில் 3.6 புள்ளிகளே கழிந்து ஆர் 89.6, எம்.ஓ.எஸ். 4.33. இழப்பு 3 சதவீதமானால் முதலாவதில் எம்.ஓ.எஸ். 2.79க்குச் சரிகிறது, இரண்டாவதில் 4.13இல் நிற்கிறது. வலையமைப்பில் எதையும் மாற்றாமல் பெறும் கருவியில் மட்டும் ஒரு நிரலைச் சேர்த்ததன் விளைவு இது. அந்த அளவில் கணக்கு உண்மைக்கு நெருக்கமானதுதான். ஆனால் இழப்பு திரண்டு வருவதைக் குறிக்க அச்சூத்திரத்தில் உள்ள திரள் விகிதம் என்ற காரணியை, சிதறிய இழப்புக்குரிய 1 என்ற மதிப்பிலிருந்து எவ்வளவு உயர்த்தினாலும், வசதி உள்ள கருவியில் 1 சதவீத இழப்பில் கழிக்கப்படும் புள்ளிகள் 3.64இலிருந்து 3.78ஐத் தாண்டுவதில்லை. அதாவது, சிதறித் தொலைந்த 90 பொதிகளுக்கும் ஒரே இடத்தில் திரண்டு தொலைந்த 90 பொதிகளுக்கும் இச்சூத்திரம் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணைத் தருகிறது. இதை இ-மாடலின் பிழை என்று சொல்வது நியாயமாகாது. வலையமைப்பைத் திட்டமிடவே அது உருவானது, தனிப்பட்ட வாடிக்கையாளரின் கருத்தை ஊகிக்க அன்று என்று அப்பரிந்துரையே கூறுகிறது. திட்டமிடுவதற்கான கருவியை ஒவ்வோர் அழைப்புக்கும் மதிப்பெண் போடும் நடுவராக்கியது பின்னால் வந்த பழக்கம்.

அளவுகள் எங்கிருந்து வருகின்றன என்பது அடுத்த கேள்வி. குரல் பொதிகளைச் சுமக்கும் ஆர்.டி.பி. நெறிமுறை 1996இல் முதலில் வெளியாகி, 2003இல் ஆர்.எஃப்.சி. 3550 ஆகத் திருத்தம் பெற்றது. அது ஒவ்வொரு பொதியிலும் வரிசை எண்ணையும் நேரமுத்திரையையும் இடுகிறது. வரிசையில் விட்டுப்போன எண்களைக்கொண்டு இழப்பும், முத்திரைக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள உறவைக்கொண்டு ஜிட்டரும் கணக்கிடப்படுகின்றன. இவற்றை மறுமுனைக்குத் தெரிவிக்க ஆர்.டி.சி.பி. என்ற துணை நெறிமுறை உண்டு. அறிக்கைகளே நெரிசலைக் கூட்டிவிடாதிருக்க, அழைப்புக்கான கொள்ளளவில் 5 சதவீதத்துக்குள் அவை அடங்க வேண்டும் என்றும், பொதுவாக 5 வினாடி அளவிலான இடைவெளியில் அனுப்பப்பட வேண்டும் என்றும் விதி உள்ளது. ஜிட்டரைக் கணிக்கும்போது ஒவ்வொரு புதிய மாறுபாட்டிலும் பதினாறில் ஒரு பங்கை மட்டுமே பழைய மதிப்போடு சேர்க்கும் சூத்திரம் பயன்படுகிறது. தற்செயலான அதிர்வுகளால் எண் துள்ளாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது.

இந்த ஏற்பாடு எதை மறைக்கிறது என்பதை ஒரு சிறு நிகழ்வைக்கொண்டு சரிபார்க்கலாம். சீராக நடக்கும் ஓர் அழைப்பில், வீட்டில் வேறொருவர் பெரிய கோப்பொன்றை மேலேற்றத் தொடங்கியதால், ஒரு குரல் பொதி வழக்கத்தைவிட 180 மில்லி வினாடி பிந்துகிறது என்று கொள்வோம். அதன் பின்னால் வந்த 9 பொதிகளும் அதே வரிசையில் தேங்கி, தடை நீங்கியதும் ஒரே கணத்தில் வந்து குவிகின்றன. பெறும் கருவியின் ஜிட்டர் பஃபர் 60 மில்லி வினாடி என நிலையாக அமைக்கப்பட்டிருந்தால், 180, 160, 140, 120, 100, 80 மில்லி வினாடி பிந்திய ஆறு பொதிகளும் தள்ளப்படும். 120 மில்லி வினாடிப் பேச்சு, ஏறத்தாழ ஓர் அசை, ஒலிக்காமலே போகும். இப்போது ஆர்.டி.சி.பி. அறிக்கையைப் பார்த்தால், எல்லாப் பொதிகளும் வந்து சேர்ந்துவிட்டதால் இழப்பு பூஜ்யம். ஜிட்டரோ முதல் பொதியில் 11 மில்லி வினாடிக்கு ஏறி, குவியலின் முடிவில் 15ஐத் தொட்டு, அடுத்த இரண்டு வினாடியில் வரும் 100 ஒழுங்கான பொதிகளால் தேய்ந்து பூஜ்யத்தை ஒட்டிவிடும். அறிக்கை புறப்படும் நேரம் அதற்குப் பிறகாக அமைந்தால், நடந்ததன் சுவடே அதில் இராது. வாடிக்கையாளர் குரல் வெட்டி வெட்டி வருகிறது என்று புகார் சொல்ல, மறுமுனையில் உள்ள பணியாளர் திரையைப் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாகப் பதில் சொல்லும் நிலை இப்படித்தான் உருவாகிறது. இருவரும் உண்மையையே பேசுகிறார்கள்.

இக்குறையை உணர்ந்தே 2003 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 3611 என்ற விரிவாக்கம் வந்தது, ஆர்.டி.சி.பி. எக்ஸ்.ஆர். என்று தொழிலில் வழங்குவது அதுவே. அதில் குரலுக்கென அமைந்த பகுதி, வலையமைப்பில் தொலைந்த பொதிகளையும் பஃபரில் தள்ளப்பட்ட பொதிகளையும் தனித்தனியே எண்ணுகிறது. கருவிக்குள் கழியும் தாமதம், ஒலியின் உரம், இரைச்சல், எதிரொலி ஆகியவற்றையும் தெரிவிக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அழைப்பின் காலத்தை இரண்டு நிலைகளாகப் பிரிக்கிறது: இழப்பு அடர்ந்த நேரம் திரள், இழப்பு அருகிய நேரம் இடைவெளி. இரண்டு இழப்புகளுக்கு நடுவே தொடர்ந்து 16 பொதிகளேனும் நல்லபடி வந்திருந்தால் அவை தனித்தனி இழப்புகள். அதற்குக் குறைவாக வந்திருந்தால் ஒரே திரளின் பகுதிகள் என்பது வழக்கமான எல்லை. திரளில் இழப்பின் அடர்த்தி எவ்வளவு, திரள் சராசரியாக எத்தனை மில்லி வினாடி நீடித்தது என்பவை அறிக்கையில் இடம்பெறுகின்றன. பிழைகள் நல்ல நிலை, கெட்ட நிலை என்ற இரண்டுக்கும் இடையே தாவித்தாவி நிகழ்கின்றன என்று பெல் ஆய்வகத்தின் எட்கர் கில்பர்ட் 1960இல் வகுத்த கணித வடிவத்தோடு இப்பிரிவு நெருங்கிய உறவுடையது. தொலைபேசிக் கருவி இந்த அளவுகளை அழைப்பு முடிந்ததும் மையச் சேகரிப்பிடத்துக்கு அனுப்பும் முறையை 2010இல் ஆர்.எஃப்.சி. 6035 வகுத்தது.

இவ்வளவு இருந்தும், பல வலையமைப்புகளில் கண்காணிப்பு இன்னும் நடுவழியில் வைத்த கருவிகளையே நம்பியுள்ளது. காரணம் எளிது: முனையில் உள்ள லட்சக்கணக்கான கருவிகளைக் கட்டுப்படுத்துவது கடினம், நடுவில் ஒரு பெட்டியை வைத்து எல்லாப் போக்குவரத்தையும் பார்ப்பது எளிது. ஆனால் நடுவில் உள்ள பெட்டி தன்னைக் கடந்துபோன பொதிகளையே அறியும். கடந்தபின் வாடிக்கையாளரின் வீட்டு வைஃபையில் தொலைந்தவை, அவருடைய கருவியின் பஃபரில் தள்ளப்பட்டவை, அக்கருவி இடைவெளிகளை நிரப்பிய விதம் ஆகிய மூன்றும் அதற்குத் தெரியா. ஒரு மாதிரிப் பஃபரைக் கற்பனைசெய்து அது மதிப்பெண் போடும். குரலை மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.ஆர்.டி.பி. முறையில் பொதியின் தலைப்பகுதி திறந்தே இருப்பதால் வரிசை எண்களை நடுவிலிருந்து படிக்க முடியும்; முனைகள் பரிமாறும் அறிக்கைகள் மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அவற்றைப் படிக்க முடியாது. பேச்சின் அந்தரங்கத்தைக் காக்கும் அந்த ஏற்பாடு தேவையானதே. ஆகவே, அளவு முனையில் எடுக்கப்பட்டு முனையிலிருந்தே தரப்பட வேண்டும் என்ற முடிவுக்கு இருவேறு காரணங்கள் ஒருங்கே இட்டுச்செல்கின்றன.

எண்களைத் திரட்டி அறிக்கையாக்கும் இடத்திலும் இதே இழப்பு மறுபடி நிகழ்கிறது. ஒரு மாதத்தில் நடந்த எல்லா அழைப்புகளின் எம்.ஓ.எஸ். சராசரி 4.2 என்றால், எல்லா அழைப்புகளும் 4.2 அளவில் இருந்தன என்றும் பொருளாகலாம், பெரும்பான்மை 4.4இல் இருக்க, ஒரு கிராமத்தின் அழைப்புகள் மாதம் முழுவதும் 2.5இல் கிடந்தன என்றும் பொருளாகலாம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இச்சிக்கலை அழைப்புத் துண்டிப்பில் எதிர்கொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. அதுவரை சேவைப் பகுதி முழுமைக்குமான சராசரியைப் பார்த்து வந்த ஆணையம், 2017 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதியில், வலையமைப்பின் செல்களில் குறைந்தது 90 சதவீதமானவை, மாதத்தின் நாள்களில் குறைந்தது 90 சதவீத நாள்களில், 2 சதவீதத் துண்டிப்பு எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று கோரியது. நல்ல இடங்களின் மிகுதியைக் காட்டி மோசமான இடங்களை மறைக்கும் வழியை அது பெருமளவு அடைத்தது. ஜியோ 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கியபோது அதன் அழைப்புகள் தொடக்கத்திலிருந்தே வோல்ட்டி முறையில், அதாவது ஐ.பி. பொதிகளாகவே சென்றன, பிற நிறுவனங்களும் அவ்வழிக்கு வந்துவிட்டதால் இந்தியாவின் சாதாரணக் கைப்பேசி அழைப்பே இன்று பெருமளவு இணையத் தொலைபேசியின் இயல்புடையதாகிவிட்டது. துண்டிப்புக்குப் பயன்பட்ட அளவுகோல், துண்டிக்கப்படாமல் சிதைந்த அழைப்புகளுக்கும் பொருந்தக்கூடியதே.

எம்.ஓ.எஸ். என்ற ஒரே பெயரில் பல அளவுகள் உலவுவதும் குழப்பத்தை வளர்க்கிறது. மனிதர் தந்ததா, ஒலிகளை ஒப்பிட்டுப் பெற்றதா, சூத்திரத்தால் ஊகித்ததா, கேட்கும் தரமா, உரையாடும் தரமா என்பதை மதிப்பெண்ணோடு சேர்த்தே குறிப்பிட வேண்டும் என்று பி.800.1 பரிந்துரை கேட்டுக்கொள்கிறது. விற்பனைத் துண்டறிக்கைகள் இதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அகன்ற அலைவரிசைக்கான இ-மாடலில் ஆர் மதிப்பின் உச்சமே 129 ஆகிவிடுவதால், பழைய அளவுகோலில் எடுத்த எண்ணைப் புதிய அளவுகோலின் எண்ணோடு அருகருகே வைப்பதில் பொருளில்லை.

அண்மைக்கால மாற்றம் ஒன்று இவ்வளவு நேரம் பேசிய அளவுகளுக்கு அடியிலேயே கைவைக்கிறது. தொலைந்த பொதியின் இடத்தை முந்தைய ஒலியை நீட்டி நிரப்பும் பழைய முறைக்குப் பதிலாக, பேச்சு அடுத்து எப்படி ஒலிக்கும் என்பதை நரம்பியல் வலைப்பின்னலைக்கொண்டு ஊகித்து ஒலியை உருவாக்கும் முறைகள் வந்துவிட்டன. கூகுள் தன் டுவோ செயலியில் 2020இல் அறிமுகப்படுத்திய வேவ்நெட்-இ.க்யூ. அத்தகையது, அது ஏறத்தாழ 120 மில்லி வினாடிவரை தொடர்ந்துவிட்டு, அதன்பின் ஒலியைத் தேய்த்து நிறுத்திவிடும்படி அமைக்கப்பட்டது. பரவலாகப் பயன்படும் ஓபஸ் கோடெக்கின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பான 1.5லும் இவ்வகை வசதி சேர்ந்தது. இவற்றால் பேச்சு இனிமையாகத் தொடர்வது உண்மை. ஆனால் இயந்திரம் உருவாக்கிய அசை பேசியவர் சொன்ன அசைதானா என்பதைக் கேட்பவர் அறிய வழியில்லை. முன்பு குரல் வெட்டியபோது கேட்பவர் தயங்கி, என்ன சொன்னீர்கள் என்று மறுபடி கேட்டார். இப்போது வெட்டே தெரியாததால் அந்தக் கேள்வி எழாமற்போகலாம். மருந்தின் அளவைத் தொலைபேசியில் சொல்லும் செவிலியருக்கு, கரகரத்த ஒலியைவிட வழுவழுப்பான தவறான ஒலியே ஆபத்தானது. ஒலியின் இயல்பை மட்டும் மதிப்பிடும் அளவுகோல் இவ்விரண்டில் இரண்டாவதற்கே கூடுதல் மதிப்பெண் தரும். இன்டர்ஸ்பீச் மாநாட்டையொட்டி 2022இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய பொதி இழப்பு மறைப்புப் போட்டியில், கேட்போரின் மதிப்பெண்ணோடு சொற்கள் எந்த அளவுக்குச் சரியாக மீண்டன என்பதும் சேர்த்தே கணக்கிடப்பட்டது இவ்வகையில் நல்ல தொடக்கம்.

சோதனைக் கூடத்துக்கு வெளியே, ஓடும் அழைப்பில் சொற்களின் துல்லியத்தை அளக்க மூல ஒலி இருக்காது. ஆனால் எவ்வளவு ஒலி இயந்திரத்தால் உருவாக்கப்பட்டது என்பதைக் கருவியால் சொல்ல முடியும். உலாவிகளில் நடக்கும் அழைப்புகளுக்கான வெப்-ஆர்.டி.சி. தரநிலையின் புள்ளிவிவரப் பகுதியில், மறைப்பு நிகழ்வுகள் எத்தனை, அவற்றில் இட்டு நிரப்பிய ஒலி மாதிரிகள் எத்தனை, மொத்தம் ஒலித்த மாதிரிகள் எத்தனை என்ற மூன்று எண்களும் உள்ளன. வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 57,600 மாதிரிகள் நிரப்பப்பட்டிருந்தால் 1.2 வினாடிப் பேச்சு பேசியவருடையது அன்று. அது 60 நிகழ்வுகளில் நடந்திருந்தால் ஒவ்வொன்றும் 20 மில்லி வினாடி. இரண்டே நிகழ்வுகளில் நடந்திருந்தால் ஒவ்வொன்றும் 600 மில்லி வினாடி, அதாவது பல அசைகள். இந்த எண்களை ஐந்து வினாடிக்கு ஒருமுறை எடுத்து, அழைப்பின் எந்தப் பகுதியில் அவை உயர்ந்தன என்பதோடு சேர்த்துப் பதிந்துவைத்தால், புகார் சொல்லும் வாடிக்கையாளரிடம் அவர் குறிப்பிடும் அந்த நிமிடத்தையே எடுத்துப் பார்த்துப் பதில் சொல்லலாம்; ஒருவருடைய சொல்லைக்கூடக் கேட்காமல், பதிவும் செய்யாமல்.